விதைப் பொட்டலமும் வீட்டுத் தோட்டமும்

வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுமாறு குடிகளைத் தூண்டுவது அரசாங்கங்களுக்குப் புதிய வேலையன்று. யுத்தம், பஞ்சம், அன்னியச் செலாவணித் தட்டு, விலையேற்றம் ஆகிய ஒவ்வொரு நெருக்கடியிலும் இந்த உபதேசம் மறுபடியும் எழுகின்றது. நெருக்கடி நீங்கியதும் உபதேசம் ஓய்ந்து, தோட்டமும் காய்ந்து போகின்றது. இவ்விதம் நேர்வதற்குக் காரணம் குடிகளின் சோம்பலே என்று கூறிவிடுவது எளிது. ஆயினும் பல நாடுகளின் அனுபவத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு, விதையைக் கொடுத்தால் தோட்டத்தைக் கொடுத்ததாகும் என்று அதிகாரிகள் எண்ணிவிடுவதே பெருங்காரணமெனப் புலப்படும். இதனை நிலமுடைய குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் நன்கு ஆராய்தல் அவசியம். ஏனெனில் இக்குறையை நீக்கும் சக்தி தலைநகரத்தைவிடக் கிராமத்தினிடத்திலேயே மிகுதியாக இருக்கின்றது.

முற்கால அனுபவம்

1942-ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943-இல் வங்காளத்தில் கொடும் பஞ்சம் நேரிட்டது. அக்காலத்தில்தான் இந்தியாவெங்கும் "அதிக உணவு உற்பத்தி" இயக்கம் நடத்தப்பட்டது. தரிசு நிலங்களைத் திருத்தவும், வீட்டுப் புழக்கடைகளிலும் கச்சேரி வளாகங்களிலும் காய்கறி பயிரிடவும் பிரசாரம் நடந்தது. சுதந்திரத்திற்குப் பின்னும் இவ்வியக்கம் தொடர்ந்தது. அதன் பலாபலன்களை விசாரிக்க வி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் 1952-இல் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. தனித்தனியாகச் சில உதவிகளை வழங்குவதோடு நில்லாமல், கிராம வாழ்வு முழுவதையும் கவனித்து இடைவிடாது குடிகளோடு பழகும் ஓர் ஊழிய அமைப்பு வேண்டுமென்பது அக்கமிட்டியின் முடிவு. அதன் பயனாக 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தேசிய விஸ்தரிப்புச் சேவை தொடங்கப்பெற்றது. உதவி ஒரு நாளில் கைமாறிவிடும், பயிர்த்தொழிலோ ஆண்டு முழுவதும் நடப்பது என்ற உண்மையை அப்பொழுதே அறிந்திருந்தனர்.

அண்மைக் காலத்தில் இலங்கையிலும் இதே பாடம் கிடைத்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரசாயன உரங்களின் இறக்குமதி அங்கே திடீரெனத் தடை செய்யப்பட்டு, விளைச்சல் குன்றியபின் அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அன்னியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் உணவுக்கும் தட்டு மிகுந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அரசாங்க உத்தியோகஸ்தர்கள் தத்தம் வீட்டில் பயிரிடும் பொருட்டு வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மாதங்களுக்கு விடுமுறை அளிக்க மந்திரிசபை சம்மதித்தது. பயணத்திற்கு எரிபொருள் இல்லாத நிலையில் அது ஒரு வழியே. எனினும் பசி வந்த பின்னர் நட்ட கத்தரி காய்ப்பதற்கு இரண்டு மூன்று மாதமாகும். முருங்கைக்கு அதைவிட அதிக காலம் வேண்டும். வீட்டுத் தோட்டம் நல்ல காலத்திலேயே வேரூன்றியிருந்தால்தான் கெட்ட காலத்தில் உதவும்.

தோட்டம் எதற்காக?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57.4 பேருக்கும் இரத்தசோகை காணப்பட்டது. இவர்கள் யாவரும் சோற்றுக்கு வழியில்லாதவர் அல்லர். நெல் விளையும் ஊர்களிலும், நிலமுள்ள குடும்பங்களிலும் இந்நோய் உண்டு. தக்காளியையும் வெண்டையையும் வண்டி வண்டியாகச் சந்தைக்கு அனுப்பும் குடியானவர் வீட்டில், அன்றைய குழம்புக்கு இரண்டு கத்தரிக்காயைக் கடையில் வாங்குவது பல ஊர்களில் காணும் காட்சியே. விலை ஏறும் மாதங்களில் அதுவும் நின்று, புளிக்கரைசலும் ஊறுகாயுமே சோற்றுக்குத் துணையாகின்றன.

தோட்டத்தைப் பற்றி மிகைபடக் கூறுவதும் தவறு. கீரையிலுள்ள இரும்புச் சத்தில் சிறு பகுதியே உடம்பில் சேரும். எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்புள்ள கனிகளை உடன் உண்டால் அது சற்று மிகும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். கீரை, பப்பாளி முதலியவற்றில் 'ஏ' ஜீவசத்தாக மாறும் பொருள் உண்டு. அது உடம்பில் சேரச் சிறிது எண்ணெயும் வேண்டும். ஆகவே தோட்டம் மருந்துக்குப் பதிலாகாது. மருந்து நின்ற நாளிலும் தட்டில் நிற்கும் துணை அது.

வங்காளதேசத்தின் உதாரணம்

இந்த முயற்சி பெரிய அளவில் நிலைபெற்ற நாடுகளுள் வங்காளதேசம் முக்கியமானது. அங்கே 'ஏ' ஜீவசத்துக் குறைவினால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வந்து, முற்றினால் பார்வையே அழியும் கொடுமை பரவியிருந்தது. 1973 முதல் அரசாங்கத்தார் ஜீவசத்து மாத்திரைகளை வழங்கலாயினர். மாத்திரையோடு உணவும் திருந்த வேண்டும் என்று கருதி, ஹெலன் கெல்லர் பெயரால் விளங்கும் தரும ஸ்தாபனம் 1990-இல் சுமார் ஆயிரம் குடும்பங்களில் வீட்டுத் தோட்ட முயற்சியைத் தொடங்கியது. 1993 முதல் உள்ளூர்ச் சங்கங்களின் மூலமாக அது நாடெங்கும் விரிவடைந்து, பல லட்சம் குடும்பங்களை எட்டியது.

இதன் வெற்றிக்கு வித்தான ஏற்பாடு மிகவும் சாதாரணமானது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நாற்றங்கால் அமைக்கப்பட்டது. உள்ளூர்க் குடியானவர் ஒருவர் அதனை நடத்தி, விதையும் நாற்றும் தயார் செய்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுக்களுக்கு வழங்கினார். பயிரிடும் முறையைத் தம் பாத்தியிலேயே காட்டினார். விற்றதில் ஓரளவு ஊதியமும் பெற்றார். எனவே இலவசப் பொட்டலம் நின்ற பின்னும் விதை கிடைத்தது. பூச்சி விழுந்தால் கேட்பதற்கும் அடுத்த தெருவிலேயே ஆள் இருந்தார்.

தோட்டங்களை அவர்கள் மூவகையாகப் பிரித்தனர். சிதறிய இடங்களில் பருவத்துக்கு மட்டும் இரண்டொரு பயிர் விளைவது பழைய முறை. நிலையான பாத்திகளில் பலவகை விளைந்தும், ஆண்டு முழுவதும் விளையாதது சற்றே திருந்திய முறை. நிலையான பாத்திகளில் பன்னிரண்டு மாதமும் பலவகை விளைவதே நன்கு திருந்திய முறை. இம்மூன்றாவது வகைத் தோட்டமுள்ள வீட்டாரே அதிகக் காய்கறி உண்டனர் என்பது தெரியவந்தது. விற்று வந்த காசும் பெரும்பாலும் பெண்கள் கையில் தங்கி, வேறு உணவுப் பொருள்கள் வாங்கப் பயன்பட்டது.

அந்நாட்டின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் பாப்னா ஜில்லாவிலுள்ள காளிகாப்பூரில் வகுத்த முறையும் கவனிக்கத்தக்கது. வீட்டருகே ஐந்து பாத்திகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் ஆண்டின் மூன்று பருவங்களுக்கும் அடுத்தடுத்து இன்ன பயிர் என்று வரையறுத்தனர். ஒரு பாத்தி ஓயும்போது மற்றொன்று பலன் தரும். மரத்தடி, வேலியோரம், கூரை ஆகியவற்றிற்கும் ஏற்ற பயிர்கள் குறிக்கப்பட்டன.

ஆப்பிரிக்காவில் புர்கினா பாஸோ தேசத்தின் கூர்மா மாகாணத்தில், 2010 முதல் 2012 வரை இதே வகை முயற்சி நடந்தது. தோட்டமும் கோழி வளர்ப்பும் கற்பித்ததோடு, கைக்குழந்தைக்கு எவ்வாறு உணவூட்டுவது என்பதும் தாய்மார்க்குச் சொல்லப்பட்டது. முயற்சி நடந்த ஊர்களையும் நடவாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், சிசுக்களின் இரத்தசோகை சில ஊர்களில் குறைந்திருந்தது. விதையும் போதனையும் இடைவிடாத மேற்பார்வையும் சேர்ந்த இடத்திலேயே பலன் கிடைத்தது.

ஒரு சென்ட் நிலத்தின் கணக்கு

உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்று கூறுகின்றது. உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகள் இதில் சேரா. ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 2 கிலோ. பயிர் ஒன்றுக்கு ஏக்கருக்கு 8 டன் விளைவு என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டில் 80 கிலோ கிடைக்கும். ஆண்டுக்கு மூன்று பயிர் எடுத்தால் 240 கிலோ. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 650 கிராம். குடும்பத்தின் தேவையில் இது மூன்றில் ஒரு பங்கு. வரப்போரம் ஒரு முருங்கையும் இரண்டு பப்பாளியும் நின்றால் இன்னும் சற்றுக் கூடும். சந்தைக்கே போக வேண்டாம் என்று சொல்லிக் குடிகளுக்கு ஆசை காட்டலாகாது. எனினும் மூன்றில் ஒரு பங்கு தினந்தோறும் தவறாமல் கிடைப்பது ஏழைக் குடும்பத்திற்குச் சிறிய அனுகூலமன்று.

நீரின் கணக்கையும் பார்த்தல் வேண்டும். கோடையில் ஒரு சென்ட் தோட்டத்திற்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 லிட்டர் வரை தேவைப்படும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்தனர். ஐவர்க்கு 275 லிட்டர். அரிசி, காய் கழுவிய நீரைப் பாத்திக்கும், சோப்பு கலந்த குளியல் நீரைக் கல்லும் மணலும் இட்ட சிறு குழியில் வடித்து வாழை, பப்பாளி, முருங்கை ஆகியவற்றிற்கும் பாய்ச்சினால் புது நீரின் தேவை பெரிதும் குறையும். பாத்தியின் மேல் வைக்கோலோ உலர்ந்த சருகோ பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் பங்குனி, சித்திரையில் குழாயே வறண்ட ஊரில், இவ்வளவு செய்தும் பயிர் நிலைக்காது. விதை கொடுத்த பெரும்பாலான தோட்டங்கள் சாவது அம்மாதங்களில்தான்.

நிலமுடையோர் செய்யத்தக்கது

வீட்டுத் தோட்டம் மிகவும் தேவைப்படுவது நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு. அவர்களுக்கு உள்ளது பல இடங்களில் 2 அல்லது 3 சென்ட் மனையே. அதில் வீடு போக மிஞ்சுவது ஆட்டுக்கும் அடுப்பு விறகுக்கும் சரியாகிவிடும். அவர் கையில் பத்து வகை விதையைக் கொடுத்து, "தோட்டம் போடுங்கள்" என்று சொல்லிப் போவது நியாயமாகாது.

கிணறும் நிலமும் உடைய குடியானவர் ஒவ்வொருவரும், தமது பண்ணையில் நெடுநாள் வேலை செய்யும் குடும்பத்துக்குக் கிணற்றோரத்தில் ஒரு சென்ட் ஒதுக்கினால் அவருக்கு நேரும் நஷ்டம் எவ்வளவு? ஐந்து ஏக்கர் உள்ளவருக்கு அது ஐந்நூற்றில் ஒரு பங்கு. பம்பு ஓடும்போது வாய்க்காலில் ஒரு மடை திருப்பினால் தண்ணீர் முடிந்தது. கொடுத்துவிட்டுப் பிறகு பறித்துக்கொள்வார் என்ற அச்சம் வாங்குபவருக்கும், நாளை பாத்தியம் கொண்டாடுவார் என்ற அச்சம் கொடுப்பவருக்கும் உண்டு. பஞ்சாயத்தார் முன்னிலையில் மூன்று ஆண்டுக்கு என்று எழுதி வைத்துக்கொண்டால் இரு அச்சமும் தீரும். இதனைத் தருமம் என்று எண்ண வேண்டுவதில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் வரும் பெண் சோகை பிடித்து மூச்சிரைத்தால், அந்த நஷ்டம் நிலமுடையவரையும் சேர்கின்றது.

இதற்கு ஓர் ஆட்சேபம் கூறப்படலாம். நாள் முழுவதும் கூலிக்குப் போகும் பெண்ணுக்குத் தோட்டத்தைக் கவனிக்க நேரம் ஏது? அந்நேரத்தில் சம்பாதித்துச் சந்தையில் வாங்குவது மேலன்றோ? கூலி வேலை தவறாது கிடைக்கும் ஊரில் இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. ஆதலின், நாள்தோறும் கவனிப்பு வேண்டும் பயிர்களை அவ்விடத்தில் வற்புறுத்தலாகாது. ஒருமுறை நட்டால் நெடுநாள் பலன் தரும் முருங்கை, தவசிக்கீரை, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை, பப்பாளி ஆகியவையும், கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் அரைக்கீரையும் கொடிப்பசலையும் அத்தகைய வீட்டுக்கு ஏற்றவை. வேலை அருகிய மாதங்களில் கையில் காசும் இராது. கொல்லையிலுள்ள கீரை அப்பொழுதுதான் பயன்படும். நீர் இறைப்பதும் மண் கொத்துவதும் ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்து செய்தல் வேண்டும். விளைந்ததில் எதைச் சமைப்பது, எதை விற்பது என்ற தீர்மானம் மட்டும் வீட்டுப் பெண்ணிடமே இருத்தல் நலம்.

விதையும் வேலியும்

பொட்டலத்திலுள்ள விதை எவ்வகை என்பதும் ஆராயத்தக்கது. வீரிய ஒட்டு விதை முதற்பயிரில் நன்கு காய்க்கும்; அதிலிருந்து எடுத்த விதை தாயை ஒத்து வராது. ஆகவே ஆண்டுதோறும் புதுப் பொட்டலத்தை எதிர்பார்க்க நேரும். வீட்டுத் தோட்டத்திற்கு விதை எடுத்து வைக்கக்கூடிய ரகங்களே ஏற்றவை. அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தம் பூவிலேயே கருவுறுவனவாதலால் எவரும் எளிதில் விதை எடுக்கலாம். பூசணி, சுரை, பீர்க்கு, புடல் ஆகியவற்றில் அயல் மகரந்தம் கலக்கும். அவற்றின் விதையைக் கிராம நாற்றங்காலில் பக்குவமாக எடுத்தல் நல்லது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளிவந்த பி.கே.எம். 1 என்ற செடி முருங்கை விதையிலிருந்தே வளர்வது. இதற்கு நல்ல உதாரணமாகும்.

வேலியைப் பற்றி எந்த அறிக்கையும் அதிகம் பேசுவதில்லை. எனினும் ஒரு மாதம் வளர்த்த கீரையை ஓர் ஆடு கால் மணி நேரத்தில் தின்றுவிடும். கோழி புது நாற்றைக் கிளறிவிடும். கிளுவை, கிளரிசிடியா ஆகிய கிளைகளை நெருக்கி நட்டு, இடையே முள் கட்டினால் செலவில்லாத உயிர்வேலி அமையும். வேலி அடைத்த பின்னரே விதை வழங்குவது என்று விதித்தால் பாதி விதை வீணாவது நிற்கும்.

கிராம அதிகாரிகள் எண்ணத்தக்கது

தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கப்பெற்று, காய்கறி விதைத் தொகுப்பும் பழச்செடித் தொகுப்பும் குடும்பங்களுக்கு வழங்க ஏற்பாடாயிற்று. நோக்கம் போற்றத்தக்கது. இத்தகைய திட்டம் எதுவாயினும், அதன் கணக்கு எவ்விதம் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் கதி அமையும். "இத்தனை தொகுப்புகள் வழங்கப்பட்டன" என்று மட்டும் கணக்குக் கேட்டால், ஊழியர்கள் தொகுப்புகளை விரைந்து வழங்கிவிட்டு ஓய்வர். அதில் அவர்கள் மேல் குற்றமில்லை. மேலதிகாரி கேட்ட கணக்கையே அவர்கள் கொடுக்கிறார்கள்.

வழங்கிய தோட்டங்களில் அடுத்த சித்திரை மாதத்தில் எத்தனை பச்சையாக நிற்கின்றன, மூன்றாம் ஆண்டுச் சித்திரையில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுவதே மேலான கணக்கு. வங்காளதேசத்தில் பயிற்சி பெற்ற வீடுகளை மூன்றாம் ஆண்டிலும் சென்று பார்த்த ஆராய்ச்சியாளர், முதலாண்டில் கூடிய விளைவு பெரும்பாலும் நிலைத்திருந்ததைக் கண்டனர். இவ்வாறு திரும்பிச் சென்று பார்க்கும் வழக்கம் இங்கும் வர வேண்டும். கிராம நிர்வாக அதிகாரியும் பஞ்சாயத்துத் தலைவரும் அங்கன்வாடி ஊழியரும் ஒரு காலைப் பொழுதில் தெருக்களைச் சுற்றி வந்தால் இக்கணக்கு முடிந்துவிடும். காய்ந்த தோட்டத்திற்குக் காரணம் நீரா, வேலியா, விதையா, நேரமின்மையா என்று எதிரே ஒரு வார்த்தை எழுதினால், அடுத்த ஆண்டு என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும்.

கிராமத்திற்கு ஒரு நாற்றங்கால் அமைப்பது கடினமன்று. பொது நீர்த்தொட்டியில் வழிந்தோடும் நீர் உள்ள இடமோ, பள்ளி வளாகமோ, மனமுவந்த குடியானவர் ஒருவரின் கிணற்றோரமோ போதும். இரண்டு சென்டில் தாய்ச்செடிகளும் நாற்றுப் பாத்திகளும் அமையும். அதை நடத்துபவருக்கு நாற்று விற்பனையில் சிறு ஊதியம் கிடைக்கும்படி செய்தால், அவர் உத்தரவுக்குக் காத்திராமல் வேலை செய்வார். ஆடி பிறப்பதற்கு முன்பே நாற்றங்காலும் வேலியும் ஆயத்தமாயிருக்க வேண்டும். விதைத் தொகுப்பு அதன் பின்னர் வரலாம். இந்த வரிசை மாறாமல் இவ்வாண்டு ஒரு பத்து வீடுகளில் செய்து பார்க்கும் கிராமத்தில், வருகிற சித்திரையில் எண்ணுவதற்குப் பச்சைத் தோட்டங்கள் இருக்கும்.